கணப்பில் வெந்த கறி, குக்கரில் வேகும் கறி

மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்துப் பழைய தெருக்களில் ஆண்களே சமைக்கும் கறி ஒன்று உண்டு. அதற்கு தன்ஜியா என்று பெயர். இரண்டு காது வைத்து, வாய் குறுகி வயிறு பருத்த அந்த மண்ஜாடிக்கும் அதே பெயர்தான். தோல் பதனிடுகிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள் போன்ற கைத்தொழில்காரர்கள் வெள்ளிக்கிழமை ஓய்வுக்காக நாலு காசு சேர்த்துக் கூட்டாகச் செய்துகொண்ட சாப்பாடு அது. ஜாடியைக் கசாப்புக் கடைக்கே எடுத்துப் போவார்கள். நல்லி எலும்போடு கறியைப் பெரிய பெரிய துண்டாகக் கடைக்காரரே உள்ளே போடுவார். அதன்மேல் முழுப் பூண்டுப் பற்கள், சீரகத்தூள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை, ‘ஸ்மென்’ என்கிற மணமேறிய பழைய வெண்ணெய் ஒரு கரண்டி, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். கெட்டிக் காகிதத்தால் வாயை மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் சமையல்காரருக்கு வேலை முடிந்தது.

அங்கிருந்து ஜாடி வீட்டுக்குப் போகாது. ஹம்மாம் எனப்படும் பொதுக் குளியல் கூடத்தின் பின்புறம், வெந்நீருக்காக இரவும் பகலும் விறகு எரியும் உலைக்கூடத்துக்குப் போகும். உலையைப் பார்த்துக்கொள்ளும் ஃபர்னாட்சி அதை வாங்கிச் சாம்பல் கணப்பில் புதைத்து வைப்பார். இடையில் வந்து ஒரு குலுக்குக் குலுக்குவார். நெருப்பு முகத்தில் அடிக்காமல், சாம்பலின் சூடு மட்டும் ஐந்தாறு மணி நேரம் ஜாடியைச் சுற்றி நிற்கும். சாயங்காலம் காகிதத்தைக் கிழித்துத் தட்டில் கவிழ்த்தால் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழும்.

இன்று அதே நகரத்தின் புதிய பகுதியில், அடுக்குமாடி வீட்டில், ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் ஒரு பெண் அதே ஆட்டுக்கறியை ‘கோகோத்’தில் போடுகிறார். மொராக்கோ வீடுகளில் பிரஷர் குக்கருக்கு வழங்கும் பிரெஞ்சுப் பெயர் அது. நம் குக்கர் போல விட்டு விட்டு விசில் அடிக்காமல், விடாமல் சீறிக்கொண்டிருக்கும். முக்கால் மணி நேரத்தில் கறி வெந்துவிடுகிறது.

இந்த இரண்டு சமையலுக்கும் நடுவே வட ஆப்பிரிக்கச் சமையலறையின் நூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது. பெரும்பாலும் இதை இழப்பின் கதையாகவே சொல்கிறார்கள்: மண்சட்டி போச்சு, கரி போச்சு, பொறுமை போச்சு, ருசியும் போச்சு. எனக்கு அது பாதிக்கதை என்றே படுகிறது. போனதில் போனால் போகட்டும் என்று விட வேண்டியது நிறைய உண்டு. உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

நெருப்பு

அன்று மொராக்கோ வீட்டின் அடுப்பு என்பது மஜ்மர். நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பேதான். மண்ணால் ஆனது, கரியில் எரிவது. அதன்மேல் தஜீன் ஏறும். தஜீன் என்பது தட்டையான மண்சட்டி, கூம்பு வடிவ மூடி, அதில் வேகும் குழம்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். கரி அடுப்பில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. விசிறினால் கூடும், சாம்பலைப் போட்டு மூடினால் குறையும். அடுப்பின் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டு நெருப்பு போதாதபோது தெருவின் நெருப்பு இருந்தது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஃபெரான் என்ற பொது ரொட்டி அடுப்பு ஒன்று, ஹம்மாம் ஒன்று. காலையில் பிசைந்த மாவைப் பலகையில் அடுக்கிச் சிறுவர்கள் தலையில் சுமந்து ஃபெரானுக்குப் போவார்கள். மொராக்கோவின் யூதர்களுக்கு அந்த அடுப்பு இன்னும் முக்கியம். சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இறைச்சி, கோதுமை, கொண்டைக்கடலை, முட்டை எல்லாம் போட்ட ‘ஸ்கீனா’ பானையை அங்கே கொண்டு வைப்பார்கள். மறுநாள் நண்பகலில் எடுப்பார்கள். 1948 வாக்கில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் வாழ்ந்த நாடு அது. இஸ்ரேல், பிரான்ஸ், கனடா என்று பெயர்ந்து போனபின் இன்று சில ஆயிரம் பேரே மீதம். அவர்களோடு ஸ்கீனாவும் கப்பல் ஏறிவிட்டது. இப்போது அது வெளிநாட்டு வீடுகளில் மின்சார அடுப்பில் வேகிறது.

வீட்டு நெருப்பை மாற்றியது பியூட்டேன் எரிவாயு. அரசு மானியத்தில் 12 கிலோ சிலிண்டர் 1990 முதல் 40 திர்ஹம் விலையிலேயே நின்றது. 2024 மே மாதம்தான் 10 திர்ஹம் கூட்டினார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் விலை ஏறாத பொருள் வேறு எதுவும் அந்த நாட்டுச் சந்தையில் இருந்திருக்காது. காட்டோரக் கிராமங்களில் விறகுக்காகப் பெண்கள் நடக்கும் நடை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் நகரத்தில் கரி வாங்குகிற வழக்கம் விருந்து நாளோடும் சாலையோர உணவகத்தோடும் நின்றுவிட்டது.

தெரு நெருப்பின் கதை அவ்வளவு சுகமாக இல்லை. வீட்டிலேயே எரிவாயு அடுப்பும் தெருமுனையில் பேக்கரியும் வந்தபின் ஃபெரான்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததும் ஹம்மாம்களின் கூட்டம் குறைந்தது. ஆறு ஆண்டு வறட்சியில் அணைகள் வற்றிய 2024-இல், தண்ணீரை மிச்சப்படுத்த, பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் மூன்று நாள் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஹம்மாம் மூடினால் உலை அணையும். உலை அணைந்தால் ஜாடியைப் புதைக்கக் கணப்பு ஏது? மழை பொய்த்ததற்கும் தன்ஜியா வேகாததற்கும் இப்படி நேரான தொடர்பு உண்டு.

சட்டி

புது தஜீனை அப்படியே அடுப்பில் ஏற்றினால் பட்டென்று வெடிக்கும். முதலில் தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் பழக்க வேண்டும். நம் ஊரில் மீன்குழம்புச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குகிற அதே சங்கதிதான். ரிஃப் மலைப் பகுதியில் இந்தப் பாண்டங்களை வனைகிறவர்கள் பெண்கள். சலே நகரத்துக்கு வெளியே ஊல்ஜாவிலும் கடலோர சாஃபியிலும் குயவர் குடியிருப்புகளே உண்டு.

கூம்பு மூடிக்கு வேலை இருக்கிறது. அடியில் சூடு, உச்சியில் குளிர்ச்சி. எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் பட்டு நீராகிச் சரிந்து சட்டிக்கே திரும்புகிறது. அதனால் ஒரு குவளைத் தண்ணீருக்குள் ஒரு கிலோ கறியை வேக வைத்துவிடலாம். தண்ணீருக்கும் விறகுக்கும் தட்டுப்பாடான நிலத்துக்குப் பொருத்தமான பாண்டம்.

இந்த இடத்துக்குள் நுழைந்ததுதான் குக்கர். 1912 முதல் 1956 வரை மொராக்கோ பிரான்ஸின் பாதுகாப்பு நாடாக இருந்தது. பிரான்ஸில் ‘செப்’ நிறுவனம் தன் புகழ்பெற்ற குக்கரை 1953-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆட்சி போனபின்னும் பாத்திரம் தங்கிவிட்டது. இன்று வார நாளில் ஆட்டுக்கறி வேகும் வீடுகளில் பெரும்பாலும் கோகோத்தான். தஜீன் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அல்லது குக்கரில் வெந்ததை அதில் மாற்றிப் பந்திக்குக் கொண்டுவருவார்கள்.

இதில் ருசி எவ்வளவு போகிறது? ஆட்டின் முன்சப்பை, கழுத்து, கால் நல்லி ஆகியவை நன்றாக உழைத்த தசைகள். அவற்றில் கொலாஜன் என்கிற இணைப்புப் புரதம் நிறைய. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் அது கரைந்து ஜெலட்டினாகும். விரலில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பு அங்கிருந்து வருவதுதான். சாம்பலில் ஐந்து மணி நேரத்தில் நடப்பதை, 120 டிகிரியை நெருங்கும் குக்கர் முக்கால் மணியில் முடித்துவிடுகிறது. கறியைப் பொறுத்தவரை வித்தியாசம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. வித்தியாசம் இருப்பது குழம்பில். தஜீனில் வெங்காயம் மெல்லக் கரைந்து, தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து ‘தக்மீரா’ என்ற கெட்டிக் குழைவு வரும். மூடிய குக்கரில் தண்ணீர் வற்றாது. கறி வெந்திருக்கும், குழம்பு ரசமாக நிற்கும். கைப்பக்குவம் உள்ள பெண்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து வைத்து, தீயைக் கூட்டி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை வற்ற விடுகிறார்கள். தஜீன் செய்த வேலையில் பாதியை அந்தக் கடைசி இருபது நிமிடம் செய்துவிடுகிறது.

பழைய சட்டி எல்லாமே புனிதமும் அல்ல. குறைந்த சூட்டில் சுட்டெடுக்கும் மலிவான மெருகுப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் இருக்கும். எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் அது குழம்பில் இறங்கும். மெருகிடாத மண்சட்டியோ, ஈயமில்லாத பூச்சு என்று உறுதியானதோதான் அடுப்புக்கு ஏற்றது. வண்ணக்கோலம் போட்ட தஜீன்கள் பரிமாறுவதற்கும் பயணிகள் வாங்கிப் போவதற்கும் ஆனவை. 2024-இல் அந்த நாட்டுக்கு 1 கோடியே 74 லட்சம் பயணிகள் வந்தார்கள். குயவர்களின் சக்கரம் இன்னும் சுற்றுவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

கை

‘அந்தக் காலத்துச் சமையல்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்தக் காலத்தில் யார் சமைத்தார்கள் என்று கேட்பதில்லை. ஃபெஸ் நகரத்துப் பணக்கார வீடுகளின் புகழ்பெற்ற சமையலை ஆக்கியவர்கள் ‘தாதா’ எனப்பட்ட பெண்கள். அவர்களில் பலர் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அல்லது அவர்களின் வழிவந்தவர்கள். கொத்துமல்லியை நறுக்கியதும், மஜ்மர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கரியை விசிறியதும் அவர்கள் கைதான். ஃபெஸ் சமையலைப் பற்றி 1950-களில் பிரெஞ்சில் புத்தகம் எழுதிய மேடம் கினோடோவைச் சமையல் வரலாறு பெயரோடு நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சமையலை ஆக்கிய தாதாக்களில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?

அடிமை முறை மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர்கள் கிராமத்து ஏழைச் சிறுமிகள். எட்டு வயதிலும் பத்து வயதிலும் நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டம் 2018 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்து, குறைந்தபட்ச வயதை வகுத்தது. வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லாத வீடுகளில் மனைவியும் மகளும் அந்த நாளைக் கொடுத்தார்கள். ஆற அமர வேகும் கறிக்குப் பின்னால் ஆற அமர உட்கார முடியாத ஒருத்தி இருந்தாள். மெதுவான சமையலை மெச்சுகிறபோது இந்தக் கணக்கையும் சேர்த்தே மெச்ச வேண்டும்.

1960 கணக்கெடுப்பில் மொராக்கோ மக்களில் நூற்றுக்கு 29 பேர் நகரவாசிகள். 2024-இல் அது ஏறத்தாழ 63. பெண்கள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். கூட்டுக்குடும்பம் அடுக்குமாடிக்குள் அடங்கவில்லை. சமையலைச் சொல்லிக்கொடுக்க மாமியாரோ அத்தையோ பக்கத்தில் இல்லாத வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. ‘2எம்’ தொலைக்காட்சியின் ஷுமிஷா, தேசத்துக்கே சமையல் அக்கா ஆனார். வாய்வழியாக வந்த ‘கண்ணளவு’ அவர் மூலம் கரண்டி அளவாகவும் கிராம் கணக்காகவும் மாறியது. இப்போது அதே வேலையைக் கைப்பேசிக் காணொளிகள் செய்கின்றன. தாதாவின் நாள் முழுவதையும் விழுங்கிய கறியை, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு மாலையில் செய்ய முடிகிறது என்றால் அதைச் சரிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ருசி

சட்டிக்குள் இருக்கும் ருசியும் ஆதிகாலம் தொட்டு அப்படியே வந்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வெளியேறி துனிசில் குடியேறிய இப்னு ரஸீன் அல்-துஜீபி, அந்தலூசியாவும் மக்ரிபும் சமைத்ததைத் தொகுத்துப் பெரிய சமையல் நூல் எழுதினார். இன்று பக்ரீத் முடிந்த கையோடு மொராக்கோ வீடுகளில் செய்யும் ‘ம்ரூசியா’ என்ற இனிப்புக் கறியின் பெயர் அதிலேயே வருகிறது. ஆனால் அவர் சொல்லும் பக்குவம் வேறு, இன்றையது வேறு. பெயர் நின்றது, பண்டம் மாறிவிட்டது. தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் எந்த தஜீனிலும் அவை இருந்திருக்க வழியில்லை.

ம்ரூசியாவை அருகில் போய்ப் பார்க்கலாம். ஆட்டின் கழுத்துக்கறி, தேன், உலர்திராட்சை, பாதாம், நெய், ‘ரஸ் எல் ஹானூத்’ என்ற மசாலாக் கலவை. தண்ணீர் சுண்டி, தேனும் கொழுப்பும் கறியைப் பூசி மூடும்வரை வேக விடுவார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத நாளில் இது பலகாரம் மட்டுமல்ல, சேமிப்பும் கூட. பலியிட்ட ஆட்டை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. தேனிலும் கொழுப்பிலும் மூழ்கியது வாரக்கணக்கில் கெடாமல் இருந்தது. 1996-இல் தொடங்கிய கிராம மின்மயத் திட்டம் ஐந்தில் ஒரு கிராம வீட்டில்கூட மின்விளக்கு எரியாத நாட்டை, ஏறத்தாழ எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நாடாக்கியது. மின்சாரத்தின் பின்னே குளிர்பதனப் பெட்டி வந்தது. கெடாமல் இருக்க வேண்டிய கட்டாயம் போனதும் கறியில் தேனும் கொழுப்பும் குறைந்தன.

ரஸ் எல் ஹானூத்தும் இளைத்திருக்கிறது. மளிகைக்காரர் தன் கடையின் உயர்ந்த சரக்குகளைச் சேர்த்துக் கட்டித்தரும் பொடி அது. இருபது முப்பது சரக்குகள் சேரும், கடைக்குக் கடை மாறும். காமத்தைத் தூண்டும் என்று நம்பி ஒரு பச்சை வண்டைக்கூடக் காய வைத்துச் சேர்த்தார்கள். நச்சுள்ள அந்த வண்டின் விற்பனை 1990-களில் தடை செய்யப்பட்டது. இப்போது பொட்டலத்தில் வரும் பொடியில் பத்துச் சரக்கு இருந்தாலே அதிகம்.

மாறாமல் நின்றது உப்பு எலுமிச்சை. நான்காகக் கீறி, உப்பை அடைத்து, தன் சாற்றிலேயே மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். சமையலில் அதன் தோலுக்குத்தான் மவுசு. தஞ்சீரில் பிறந்து, 1340-களில் மதுரை சுல்தானிடமும் வந்து தங்கிப்போன பயணி இப்னு பதூதா, இந்தியர்கள் மாங்காயையும் இஞ்சியையும் மிளகுக் கொத்தையும் உப்பில் ஊற வைப்பதைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் எலுமிச்சையை இப்படித்தான் செய்வோம் என்று எழுதி வைத்தார். அந்த எலுமிச்சை எழுநூறு ஆண்டாக ஜாடியில் இருக்கிறது. குக்கரும் அதை அசைக்கவில்லை.

எல்லை தாண்டினால் பெயரின் பொருளே மாறும். துனிசியாவில் தஜீன் என்று கேட்டால் முட்டையும் கறியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட கனத்த அடை வரும். அல்ஜீரியாவில் ‘தஜீன் ஹ்லூ’ என்பது உலர் பிளம் போட்ட இனிப்புக் கறி. ரமலான் பந்தியில் அதற்கு இடம் உண்டு. ஐரோப்பிய உணவகங்களில் உலர் ஆப்ரிகாட்டைக் கொட்டி, கூஸ்கூஸ் மேல் ஊற்றித் தருவார்கள். மொராக்கோக்காரர் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். அவருக்குக் கூஸ்கூஸ் வெள்ளிக்கிழமைக்கான தனிச் சாப்பாடு. தஜீனுக்குத் துணை ரொட்டி.

பந்தி

ஒரே சட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, வலக்கையின் மூன்று விரலால் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தின்பது பழைய வழக்கம். அவரவர் முன்னால் இருக்கும் பங்கை மட்டுமே தொடலாம். நடுவில் குவிந்திருக்கும் கறிக்கு யாரும் கை நீட்டக் கூடாது. காய்களும் குழம்பும் தீர்ந்தபின் வீட்டுப் பெரியவர் பிரித்துக் கொடுப்பார். கறி குறைவாக இருந்த காலத்தின் நாகரிகம் அது. கடைசிப் பிள்ளைக்கும் ஒரு துண்டு உறுதி. இன்று தனித்தட்டு வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் மட்டும் பொதுச் சட்டி திரும்ப வருகிறது.

ஆடு

நெருப்பு மலிந்தது, நேரம் குறைந்தது, சட்டி மாறியது. இத்தனை மாறியும் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 2025-இல் சட்டியில் போட ஆடு அரிதாகிவிட்டது.

2025 பிப்ரவரி 26 அன்று மன்னர் ஆறாம் முகமதுவின் கடிதம் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு பக்ரீத்துக்கு ஆடு பலியிட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். எல்லோர் சார்பிலும் தானே பலியிடுவதாகச் சொன்னார். மக்களில் ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்களாக இருக்கும் நாட்டில் இது சாதாரணச் செய்தி அல்ல. அவருடைய தந்தை இரண்டாம் ஹசன் 1963, 1981, 1996 ஆகிய ஆண்டுகளில் இதையே செய்தார். அதற்குப் பிறகு 2025-இல்தான். காரணம் தொடர் வறட்சி. 2016 கணக்கோடு ஒப்பிட்டால் மந்தை 38 சதவீதம் குறைந்துவிட்டதாக வேளாண் அமைச்சர் அப்போது சொன்னார். மேய்ச்சல் நிலம் காய்ந்தது, தீவன விலை ஏறியது, குட்டி ஈன வேண்டிய பெட்டையையும் விற்றார்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்த ‘சர்தி’ கடாவைப் பக்ரீத்துக்கு வாங்குவது ஒவ்வொரு குடும்பத்தின் கௌரவமாக இருந்தது. அந்த இடத்தில் ஸ்பெயினிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆடுகள் கப்பலில் வந்து இறங்கின. 2023, 2024 பக்ரீத்துகளுக்கு இறக்குமதி ஆடு ஒன்றுக்கு 500 திர்ஹம் அரசு மானியம் தந்தது. ஆஸ்திரேலியாவோடும் ஒப்பந்தம் போட்டார்கள். அப்படியும் செம்மறிக் கறி கிலோ 100 திர்ஹத்தைத் தாண்டி நின்றது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025-இல் ஒரு மாதம் சமைக்கும் சிலிண்டரின் விலை 50 திர்ஹம். அதே காசுக்கு அரைக் கிலோ கறி வரவில்லை. அன்று ஏழை வீட்டில் விறகும் நேரமும் பற்றாமல் போயின. இன்று இரண்டும் கையில் இருக்க, கறிதான் எட்டவில்லை. வார நாள் தஜீனில் கோழி வேகிறது. சில வீடுகளில் காய்கறியோடு சரி. 2025-இல் பலியிடாத வீட்டில் ம்ரூசியாவுக்குக் கழுத்துக்கறி எங்கிருந்து வரும்? ஒரு பண்டம் அழிவது பாத்திரம் மாறுவதால் நடப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை செய்தே ஆக வேண்டிய அந்த நாள் தவறிப்போவதால் நடக்கிறது.

நம் அடுப்பில்

உலர் பிளம் போட்ட ஆட்டுக்கறித் தஜீனை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மண்சட்டி தேடி அலைய வேண்டாம். செம்மறி முன்சப்பையோ கழுத்தோ ஒரு கிலோ, எலும்போடு பெரிய துண்டாக வெட்டி வாங்குங்கள். வெள்ளாட்டுக் கறியும் ஆகும். கொழுப்பு குறைவு என்பதால் ஒரு கரண்டி நெய் கூடுதலாக வேண்டும். நம் பழக்கத்தில் முதலில் எண்ணெயைக் காய வைத்துத் தாளித்து வதக்குவோம். மொராக்கோ முறையில் அது கிடையாது. பச்சைக் கறி, துருவிய இரண்டு பெரிய வெங்காயம், நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அதே அளவு மஞ்சள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஒரு துண்டுப் பட்டை, உப்பு ஆகியவற்றை ஒன்றாகப் பிசறிக் குக்கரில் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம் புரட்டுங்கள். நூலில் கட்டிய ஒரு பிடி கொத்துமல்லியும் ஒன்றரைக் குவளைத் தண்ணீரும் சேர்த்து மூடுங்கள். முதல் விசிலுக்குப் பின் சின்னத் தீயில் அரை மணி நேரம்.

ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து, கொத்துமல்லிக் கட்டை எடுத்துவிட்டு வற்ற விடுங்கள். கால் கிலோ உலர் பிளமை இரண்டு கரண்டிக் குழம்பு, ஒரு மேசைக்கரண்டித் தேன், கொஞ்சம் பட்டைத்தூளோடு தனியே கொதிக்க வையுங்கள். பிளம் கிடைக்காவிட்டால் பேரீச்சை. குழம்பு கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் கறியின் மேல் பரப்பி, வறுத்த பாதாமும் எள்ளும் தூவுங்கள். சோறு வேண்டாம், ரொட்டியோ சப்பாத்தியோ போதும்.

மண்சட்டி போனதற்கும் கரி போனதற்கும் நான் அழ மாட்டேன். அவற்றின் நல்ல பகுதியைக் குக்கர் வைத்திருக்கும் வீடுகள் காப்பாற்றிக்கொண்டன. பொதுவில் எரிந்த உலை அணைவதும் மந்தை சுருங்குவதும் வேறு. அவற்றைத் திருப்பித் தர எந்தப் பாத்திரக் கடையாலும் ஆகாது, மழைதான் தர வேண்டும். அதுவரை கறி வாங்கினால் குறைவாக வாங்குங்கள், எலும்போடு வாங்குங்கள், குக்கரின் மூடியைத் திறந்தபின் கடைசி இருபது நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள்.